முன்பாக்கியோடு தொடங்கும் கணக்கு: ரிலாக்ஸன்ட் மேல் ரிலாக்ஸன்ட் போடும்போது

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்துச் சிறிய மருத்துவமனைகளில் ஒரே கேஸில் இரண்டு ரிலாக்ஸன்ட் (மயக்கத்தில் தசையைத் தளர்த்தும் மருந்து) கலப்பதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. அது தானாக வந்து சேரும். வெக்குரோனியத்தில் ஆரம்பித்திருப்போம், நடுவில் வயல் (மருந்துக் குப்பி) தீர்ந்து போய் ட்ராலியில் அட்ராகூரியம் மட்டும் இருக்கும். அல்லது போட்ட மருந்து பிடிக்காத மாதிரி தோன்றும். அல்லது வயிற்றை மூடும் நேரத்தில் சர்ஜன் "டைட்டா இருக்கு, கொஞ்சம் லூஸ் பண்ணுங்க" என்பார், கை ஸ்கோலின் (சக்சினைல்கோலின்) பக்கம் போகும். இந்த மூன்று இடங்களிலும் கணக்கு வேறு. நோயாளியை வென்டிலேட்டரோடு மதுரைக்கு அனுப்ப வேண்டுமென்றால் நெடுந்தூர ஆம்புலன்ஸ் ஓட்டம் என்கிற ஊரில், இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டு செய்வதுதான் மலிவு. மயக்க மருந்துப் பயிற்சி உள்ளவர்களுக்காக எழுதியது இது. டோஸ்கள் எல்லாம் சாதாரணப் பெரியவர்களுக்கு.

மருந்தா, வெயிலா?

"பிடிக்கவில்லை" என்று இரண்டாவது மருந்தை எடுப்பதற்கு முன் முதல் மருந்து எங்கே இருந்தது என்று பாருங்கள். ஸ்கோலின், அட்ராகூரியம், ரோக்குரோனியம் மூன்றும் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியவை. வெளியே எடுத்தால் 25 டிகிரி அறையில் ஸ்கோலினும் அட்ராகூரியமும் 14 நாள், ரோக்குரோனியம் 60 நாள் என்பது பொதுவான லேபிள் கணக்கு. அந்த 25 டிகிரி நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடையாது. ஒரே நாளில் மூன்று ஊர் தியேட்டர் போகிறவர் பையில் ஐஸ் பேக் இல்லாமல் அட்ராகூரியம் வைத்திருந்தால், 30 மி.கி. என்று நினைத்துப் போடுவது உண்மையில் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. வயல் மேல் வெளியே எடுத்த தேதியைப் பேனாவால் எழுதுங்கள். ஒருமுறை வெளியே வந்ததைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தாலும் நாள் கணக்கு பழையபடி ஆகாது. வெக்குரோனியம் பவுடராக இருப்பதால் வெளியூர்ப் பைக்கு அதுதான் தோது. கலக்கிய பிறகு ஸ்டெரைல் வாட்டரில் 24 மணி நேரம், அதுவும் ஃபிரிட்ஜில்.

இன்னொரு போலிக் காரணம் தயோபென்டோன். அது காரம், ரிலாக்ஸன்ட்கள் அமிலம். அதே லைனில் ஃப்ளஷ் செய்யாமல் வெக்குரோனியமோ ரோக்குரோனியமோ அட்ராகூரியமோ விட்டால் குழாய்க்குள்ளேயே வெள்ளையாகத் திரிந்து நிற்கும். நோயாளிக்குப் போக வேண்டியது கேனுலாவில் அடைத்துக்கொண்டிருக்கும், நீங்கள் அடுத்த மருந்தை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் 10 மில்லி சலைன் ஓடட்டும்.

இரண்டு குடும்பம்

ஸ்கோலினைத் தவிர்த்த மற்றவை இரண்டு வம்சம். வெக்குரோனியம், ரோக்குரோனியம், பான்குரோனியம் ஸ்டீராய்டு வழி. அட்ராகூரியம், சிஸ்அட்ராகூரியம் பென்சைல்ஐசோகுவினோலின் வழி. ஒரே வம்சத்துக்குள் கலந்தால் கூட்டல் கணக்கு: பாதி டோஸ் இது, பாதி டோஸ் அது என்றால் ஒரு டோஸ். வம்சம் தாண்டிக் கலந்தால் பெருக்கல் மாதிரி, இரண்டு பாதி சேர்ந்து ஒன்றுக்கு மேல் போகும். ஆகவே வெக்குரோனியத்தில் ஓடும் கேஸில் அட்ராகூரியத்துக்கு மாற நேர்ந்தால் வழக்கமான டாப்-அப்பில் (நடுவில் கூட்டும் சிறு டோஸ்) மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நில்லுங்கள். 60 கிலோ ஆளுக்கு வழக்கமாக 10 மி.கி. அட்ராகூரியம் டாப்-அப் போடுகிறவர் 3 முதல் 5 மி.கி. போட்டுவிட்டு டி.ஓ.எஃப் (நரம்பை நான்கு முறை தூண்டித் தசை அசைவை எண்ணும் சோதனை) பார்க்கலாம். குறைவாகப் போட்டதை ஐந்து நிமிடத்தில் கூட்டலாம். கூடப் போட்டதை எடுக்க முடியாது.

ஆழத்தை விட அதிகம் ஏமாற்றுவது நேரம். பழைய செட்டியார் கணக்குப் புத்தகத்தில் முன்பாக்கியை ஏற்றாமல் புதுப் பக்கம் தொடங்காது. ரிலாக்ஸன்ட் கணக்கும் அப்படித்தான். பான்குரோனியம் 6 மி.கி.யில் ஆரம்பித்த லேபரோட்டமியில், ஒரு மணி நேரம் கழித்து 1 மி.கி. வெக்குரோனியம் விடுகிறீர்கள். வெக்குரோனியம்தானே, கால் மணி நேரத்தில் போய்விடும் என்று நினைப்போம். போகாது. தசையில் மருந்து ஒட்டும் இடங்களான ரிசப்டர்களில் பெரும்பங்கைப் பான்குரோனியம் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் விட்ட 1 மி.கி. மேலே பூசிய மெழுகு மாதிரி. விலகும் வேகத்தைத் தீர்மானிப்பது கீழே இருக்கிற பான்குரோனியம். முதல் மருந்தின் மூன்று அரை-ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகும் நேரம்) கழிந்த பிறகுதான் இரண்டாவது மருந்து தன் சொந்தக் குணத்தைக் காட்டும் என்பது கைவிதி. பான்குரோனியத்தின் அரை-ஆயுள் சுமார் 2 மணி நேரம். சாதாரண ஆபரேஷன் எதுவும் அவ்வளவு நேரம் ஓடாது. எனவே கேஸ் ஷீட்டில் முதலில் எழுதிய மருந்தின் கடிகாரம்தான் கடைசி வரை ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து தீரும் என்று தெரிந்தால் இண்டக்‌ஷனுக்கு முன்பே எண்ணிவிடுவது நல்லது. இரண்டு மணி நேரக் கேஸுக்கு 60 கிலோ ஆளுக்கு வெக்குரோனியம் 6 மி.கி., பிறகு 12 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை 0.6 முதல் 1 மி.கி. ஐசோஃப்ளூரேனோ செவோஃப்ளூரேனோ ஓடினால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும், ஆனால் உடனே குறையாது. ஆவி மருந்து தசைக்குள் ஏறி உட்கார அரை மணி நேரமாவது ஆகும். அதனால்தான் கேஸின் முதல் பாதியில் சரியாக இருந்த டாப்-அப் இரண்டாம் பாதியில் கூடிப்போகிறது. மொத்தத்தில் மூன்று 4 மி.கி. வயலைத் தாண்டி ஓடும் கேஸ் அரிது. நான்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஸ்கோலினும் மற்றவையும்

இங்கேதான் தவறு அதிகம், ஏனென்றால் ஸ்கோலின் எதிர்த் திசையில் வேலை செய்கிற மருந்து. ரிசப்டரைத் தூண்டித் தூண்டிக் களைக்க வைக்கிறது. மற்றவை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

முதலில் ஸ்கோலின், பிறகு வெக்குரோனியம் என்பது தினசரி வரிசை. இதில் ஒரே ஒரு விதி: ஸ்கோலின் தெளிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தது. மூச்சு வாயுவைக் காட்டும் கேப்னோகிராஃபில் ஒரு சிறு பள்ளம், சுவாசப் பையில் ஒரு இழுப்பு, ஸ்டிமுலேட்டரில் கட்டைவிரல் அசைவு, ஏதாவது ஒன்று. 1 முதல் 1.5 மி.கி./கிலோவுக்கு அது 5 முதல் 10 நிமிடத்தில் வரும். காத்திருக்காமல் டியூப் போட்ட கையோடு 6 மி.கி. வெக்குரோனியம் விட்டுவிட்டால், இரண்டு மணி நேரம் கழித்து மூச்சு வராதபோது அது வெக்குரோனியமா, ஸ்கோலின் உடையாமல் மூச்சு நின்றே இருக்கும் ஸ்கோலின் அப்னியாவா என்று பிரித்தறிய வழியே இல்லை. ரிவர்ஸல் (தடையை விலக்கும் மருந்து) கொடுப்பீர்கள், அதிலுள்ள நியோஸ்டிக்மின், ஸ்கோலினை உடைக்கும் என்சைமான கோலினெஸ்டரேஸில் இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் அமுக்கி ஸ்கோலினை இன்னும் நீட்டும்.

ஃபேசிகுலேஷனைக் (தசைத் துடிப்பை) குறைக்க ஸ்கோலினுக்கு முன் சிறு டோஸ் கொடுப்பவர்கள் அளவைக் கவனியுங்கள். இ.டி.95-இல் (95 சதவீதத் தடை தரும் டோஸ்) பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் இல்லை: 60 கிலோவுக்கு வெக்குரோனியம் 0.3 மி.கி., அட்ராகூரியம் 1.2 முதல் 1.5 மி.கி., ரோக்குரோனியம் சுமார் 2 மி.கி. மூன்று நிமிடம் விட்டு ஸ்கோலின், அதுவும் 1.5-இலிருந்து 2 மி.கி./கிலோவுக்கு ஏற்றி, இல்லையென்றால் வாசலை அடைத்தவன் ஸ்கோலினையும் உள்ளே விடமாட்டான், தாடை இறுக்கமாகவே இருக்கும். அந்த மூன்று நிமிடத்தில் சிலருக்குக் கண் இரட்டையாகத் தெரியும், எச்சில் விழுங்க முடியாது. மெலிந்த முதியவர், வயிறு நிறைந்த கேஸ், தசை பலவீன நோயான மயஸ்தீனியா சந்தேகம் இருந்தால் இந்த வழக்கத்தை விட்டுவிடலாம். பான்குரோனியத்தை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். அது பிளாஸ்மா கோலினெஸ்டரேஸையும் தடுப்பதால் ஸ்கோலினைச் சுருக்குவதற்குப் பதில் நீட்டும்.

கடைசியில் ஸ்கோலின், அதாவது வயிறு மூடும்போது. இது வேண்டாம். வெக்குரோனியம் பாதி தெளிந்த நிலையில் 25 அல்லது 50 மி.கி. ஸ்கோலின் விட்டால் மூன்றில் ஒன்று நடக்கும்: தடை குறையும், கூடும், அல்லது முதலில் குறைந்து பிறகு கூடும். எது என்பது மிச்சம் இருக்கும் வெக்குரோனியத்தைப் பொறுத்தது, அது உங்களுக்குத் தெரியாது. ரிவர்ஸல் கொடுத்த பிறகு என்றால் இன்னும் மோசம்: நியோஸ்டிக்மின் ஏற்கெனவே என்சைமை அமுக்கி வைத்திருக்கிறது, பத்து நிமிட மருந்து அரை மணி நேரத்தைத் தாண்டும். எக்ஸ்டியூபேஷனுக்கு (டியூப் எடுப்பதற்கு) பின் குரல்வளை இறுகும் லாரிங்கோஸ்பாசத்துக்குச் சிறு டோஸ் ஸ்கோலின் தேவைப்படலாம். உயிர் முக்கியம், போட வேண்டியதுதான். ஆனால் போட்ட பிறகு "இப்போது வந்துவிடும்" என்று மாஸ்க்கை எடுக்காதீர்கள். மூடும் நேரத்து இறுக்கத்துக்கு ஆவி மருந்தைக் கொஞ்சம் ஏற்றுவதோ, 20 முதல் 30 மி.கி. புரோபோஃபோலோ, அதே வம்சத்து மருந்தில் ஒரு சிறு டாப்-அப்போ போதும். சர்ஜனிடம் இன்னும் எத்தனை தையல் என்று கேளுங்கள். பாதி நேரம் பதில் "முடிஞ்சிருச்சு" என்றே வரும்.

என்சைமைக் குறைப்பவை

ஸ்கோலினின் நீளத்தைத் தீர்மானிப்பது பிளாஸ்மா கோலினெஸ்டரேஸ் ஒன்றுதான். அதைக் குறைக்கும் பட்டியலில் நம் பக்கத்தில் முதலில் வருவது ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து. "மருந்து குடிச்சுட்டாங்க" என்று கொண்டுவரப்பட்டவருக்கு டியூப் போட ஸ்கோலின் எடுக்காதீர்கள். பல மணி நேரம் முடங்கிப் போவார். ரோக்குரோனியம் 1.2 மி.கி./கிலோ போடுங்கள். நரம்பும் தசையும் சேரும் சந்திப்பில் அசிட்டைல்கோலின் (நரம்பு தசைக்கு அனுப்பும் வேதிப்பொருள்) பெருகிக் கிடப்பதால் அதற்கும் வழக்கத்தை விட அதிகம் தேவைப்படும். பிழைத்து வீட்டுக்குப் போனவர் இரண்டு வாரத்தில் ஹெர்னியாவுக்கு வந்தாலும் இதே எச்சரிக்கைதான். என்சைம் பழைய அளவுக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும்.

மற்றவற்றைக் கேட்டால்தான் தெரியும். ஆஸ்துமாவுக்கு பாம்புடெரால் மாத்திரை எடுப்பவருக்கு ஸ்கோலின் இரண்டு மடங்குக்கு மேல் நீளலாம். மெட்டோகுளோப்ரமைடு கொஞ்சம் நீட்டும். கர்ப்பத்தில் என்சைம் கால் பங்கு குறையும், அது மட்டும் என்றால் பெரிய விஷயம் இல்லை. மறதி நோய்க்கு டோனெபெசில் எடுப்பவர்களுக்கு ஸ்கோலின் நீளும், வெக்குரோனியம் எதிர்க்கும். பள்ளத்தூரிலும் கானாடுகாத்தானிலும் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிக்கு மாத்திரை சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பியதாக இருக்கும், பெயர் அவருக்குத் தெரியாது. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்பதை விட டப்பாவையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

பரம்பரைக் குறைபாடு பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆரிய வைசிய சமூகத்தில் இந்த என்சைம் கிட்டத்தட்ட இல்லாத நிலை கூடுதலாகக் காணப்படுவது மருத்துவ உலகில் பதிவானது; 2006-இல் கோயம்புத்தூர் ஆய்வாளர்கள் பங்குகொண்ட ஆய்வு அதற்கான மரபணு மாற்றத்தையும் காட்டியது. அவர்களையும் தமிழ்நாட்டில் கோமுட்டிச் செட்டியார் என்பதால், தியேட்டரில் "செட்டியாரா? ஸ்கோலின் வேண்டாம்" என்று ஒரு வழக்கு ஓடுகிறது. நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு சமூகம். அந்த ஆய்வை அவர்கள் மேல் ஏற்றக் கூடாது. சாதிப் பெயரை வைத்து முடிவெடுப்பதை விட யாரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு வர நேரமாகி வென்டிலேட்டரில் வைத்தார்களா? அப்பா அம்மா சொந்தத்துக்குள் கட்டினவர்களா? நகரத்தாரில் ஒரே கோயில் பங்காளிக்குள் கல்யாணம் இல்லை, ஆனால் அத்தை மகன், மாமன் மகள் உறவு எல்லாச் சமூகத்திலும் உண்டு. ஆம் என்ற பதில் வந்தால் ரோக்குரோனியம்.

ஸ்கோலின் அப்னியா வந்தே விட்டால் வென்டிலேட்டரில் வைத்து, மயக்கத்தைக் குறைக்காமல் காத்திருங்கள். நோயாளி விழித்தபடி அசைய முடியாமல் கிடப்பதுதான் இதில் நடக்கும் பெரிய கொடுமை. மூச்சு வரவில்லையே என்று ஆவி மருந்தை மூடிவிட்டுக் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். நியோஸ்டிக்மின் கொடுக்க வேண்டாம். என்சைம் அளவுக்கு ரத்த மாதிரி எடுத்துவையுங்கள். முற்றாக என்சைம் இல்லாதவர்களிடம், என்சைமின் தரத்தைக் காட்டும் டிபுகெய்ன் எண்ணை விட என்சைமின் மொத்த அளவுதான் பேசும்.

ரிலாக்ஸன்ட் அல்லாத ரிலாக்ஸன்ட்கள்

மெக்னீசியம் இதில் முதல். எக்லாம்ப்சியா (கர்ப்பகால வலிப்பு) தாய்க்குப் பிரிட்சார்ட் முறையில் 4 கிராம் நரம்பிலும் 10 கிராம் பிட்டத்திலும் போய்விட்டுத் தியேட்டருக்கு வருவார். பெரும்பாலும் ஸ்பைனல்தான், ஃபிட்ஸ் நிற்காமலோ பிளேட்லெட் குறைந்தோ ஜி.ஏ. (முழு மயக்கம்) என்றால் ஸ்கோலின் டோஸைக் குறைக்காதீர்கள். மெக்னீசியம் இருப்பதால் ஃபேசிகுலேஷன் தெரியாமல் போகலாம், அதை எதிர்பார்த்து டியூபைத் தாமதிக்க வேண்டாம். 60 நொடி எண்ணுங்கள். ஸ்கோலின் தெளிந்த பிறகு வழக்கமான 6 மி.கி. வெக்குரோனியம் வேண்டவே வேண்டாம். 1 மி.கி. அல்லது 10 மி.கி. அட்ராகூரியம், அதுவும் குழந்தையை எடுத்த பிறகு தேவைப்பட்டால் மட்டும். முழு டோஸ் போட்டால் ஏறக்குறைய இரட்டை நேரம் நிற்கும். முடிந்து, ரிவர்ஸல் கொடுத்து, டியூப் எடுத்து, ரிக்கவரியில் அடுத்த மெக்னீசியம் டோஸுக்கு நேரமாகிவிட்டது என்று சிஸ்டர் போடுவார். தெளிந்த தசை மறுபடி தளரும். அந்த டோஸ் நேரத்தைக் கேஸ் ஷீட்டில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் போடச் சொல்லுங்கள். கால்சியம் குளூக்கோனேட் 10 சதவீதம் 10 மில்லி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அமிகாசின், ஜென்டாமைசின் இரண்டும் அதே வழியில் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வருவதைக் குறைக்கின்றன. கிளின்டாமைசின், கோலிஸ்டினும் பட்டியலில் உண்டு. செஃபலோஸ்போரின்களால் இந்தத் தொல்லை இல்லை. குடல் ஓட்டைக் கேஸில் அமிகாசினை இண்டக்‌ஷனுக்கு முன் அரை மணி நேரம் மெதுவாக ஓடவிட்டு முடித்துவிட்டால் கணக்கு நேராகும். ரிவர்ஸலோடு சேர்த்துத் தள்ளுவதுதான் வம்பு. வயிற்றைக் கழுவும் சலைனில் ஜென்டாமைசின் கலந்து ஊற்றும் பழக்கம் இருக்கும் இடத்தில், அது பெரிடோனியத்தின் வழியாக ரத்தத்துக்குப் போகிறது என்பதை மறக்காதீர்கள். கேஸ் ஷீட்டில் யாரும் எழுதாத டோஸ் அது. கோலிஸ்டின் தடைக்கு நியோஸ்டிக்மினும் கால்சியமும் உதவாது, வென்டிலேட்டர்தான்.

நாள்பட ஃபெனிடோயின், கார்பமசெபைன் எடுப்பவர்களுக்கு எதிர்த் திசை: வெக்குரோனியமும் ரோக்குரோனியமும் சீக்கிரம் தீரும். அட்ராகூரியத்தில் அந்தத் தொல்லை குறைவு. வயதானவர், கிட்னி அல்லது கல்லீரல் சரியில்லாதவருக்கும் அட்ராகூரியம்தான் நமக்கு உகந்தது; அது உறுப்புகளை நம்பாமல் ரத்தத்திலேயே உடைகிறது. ஆனால் குளிர்ந்த உடம்பில் அந்த உடைதலும் மெதுவாகும், ஏ.சி. காற்றை நேராக முதியவர் மேல் விடாதீர்கள்.

ரிவர்ஸல்

கலந்த கேஸில் நியோஸ்டிக்மின்தான் இரண்டு வம்சத்துக்கும் பொது. டி.ஓ.எஃப்-இல் நான்கு அசைவும் வந்த பிறகு 0.05 மி.கி./கிலோ, 5 மி.கி.க்கு மேல் இல்லை, கூட கிளைகோபைரோலேட் 0.01 மி.கி./கிலோ. உச்சத்துக்கு வர 7 முதல் 10 நிமிடம் ஆகும். மூன்றாவது நிமிடத்தில் டியூப் எடுத்துவிட்டு மருந்தைக் குறை சொல்வதில் பயனில்லை. கார்பன் டை ஆக்சைடு ஏறியிருந்தால் ரிவர்ஸல் தடுமாறும். முதலில் காற்றைச் சரிசெய்யுங்கள்.

சுகமாடெக்ஸ் ரோக்குரோனியத்தையும் வெக்குரோனியத்தையும் அள்ளிக் கட்டிக்கொள்ளும், அட்ராகூரியத்தைத் தொடாது. ரோக்குரோனியத்தில் ஆரம்பித்து அட்ராகூரியத்தில் முடித்த கேஸில் விலை கொடுத்து வாங்கிப் போட்டாலும் பாதிக் கணக்குதான் தீரும். ரோக்குரோனியம், வெக்குரோனியத்தோடு மட்டும் நின்றிருந்தால் இரண்டாவது அசைவு வந்த நிலையில் 2 மி.கி./கிலோ, ஆழ்ந்த தடையில் 4 மி.கி./கிலோ. போட்ட பிறகு ரத்தக் கசிவுக்காக மறுபடி திறக்க நேர்ந்தால் அட்ராகூரியம் எடுங்கள், அல்லது ஸ்கோலின். வெக்குரோனியத்தைப் போட்டால் மிச்சம் சுற்றும் சுகமாடெக்ஸ் அதையும் விழுங்கும். ஆண்டன்செட்ரானும் ரானிடிடினும் அதே லைனில் போகிறவை, ஆனால் அதனோடு ஒத்துப்போகாதவை. நடுவில் சலைன் விடுங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்ணிடம் 7 நாள் வேறு பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும்.

தலையைத் தூக்கி ஐந்து நொடி நிறுத்துவது, கையை இறுக்குவது எல்லாம் முன்பு சொல்லிக் கொடுத்தவை. பாதி தடை இருக்கும்போதே பலரால் இரண்டையும் செய்ய முடியும். வேண்டியது டி.ஓ.எஃப் விகிதம் (முதல் அசைவோடு ஒப்பிட்ட நான்காவது அசைவு) 0.9, கட்டைவிரலில். முகத்தில் மின்முனை வைத்துப் பார்த்தால் புருவம் முந்திக்கொண்டு தெளிந்து ஏமாற்றும்.

லைனுக்குள் மிச்சம்

கடைசி வேலை கையளவு. லைனின் நீட்டுக் குழாயான எக்ஸ்டென்ஷனும் மூன்று வழித் திருகான த்ரீ-வேயும் சேர்ந்து ஒன்றிரண்டு மில்லி பிடிக்கும். 1 மில்லிக்கு 1 மி.கி. என்று கலக்கிய வெக்குரோனியத்தின் கடைசி டாப்-அப் அங்கே தேங்கி நின்றால், தியேட்டரில் யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து வார்டில் சிஸ்டர் அதே த்ரீ-வே வழியாக ஆன்டிபயாட்டிக் தள்ளுவார். 1 மி.கி. வெக்குரோனியம் முதலில் போகும். நோயாளி பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்துவார், கண் இமை இறங்கும். தியேட்டரை விட்டு நகர்த்துவதற்கு முன், மானிட்டர் மாட்டியிருக்கும்போதே, ஒவ்வொரு போர்ட்டிலும் 10 மில்லி சலைன் தள்ளுங்கள். பக்கத்தில் சொருகியிருக்கும் ரிலாக்ஸன்ட் சிரிஞ்சை அப்போதே உடைத்துக் குப்பையில் போடுங்கள். ஸ்கோலின் நீண்டுபோன கேஸாக இருந்தால், டிஸ்சார்ஜ் சீட்டோடு தமிழில் தனித் தாள் ஒன்று: "இவருக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் சக்சினைல்கோலின் கொடுக்கக் கூடாது." அதை மகனிடம் மட்டும் கொடுக்காமல், போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நோயாளியின் கையில் கொடுங்கள்.